கடப்பாக்கத்தக்கா போட்ட கட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் சிறுசேரியிலிருந்து தன் கூட்டாளி ஒருவனையும் இழுத்துக்கொண்டு சாப்பிட வந்தான். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி. கம்ப்யூட்டரில் ஆடுகிற ஆட்டம் செய்கிறார்களாம். ஆடுகிறவன் அதற்குள் வேறொரு ஆளாக மாறி, ஊர் ஊராகப் போய், சண்டை போட்டு, யாரையோ காப்பாற்ற வேண்டுமாம். நாற்பது வயதில் இது ஒரு உத்தியோகம். கொடுக்கிறார்கள், வாங்குகிறான், எனக்கென்ன.

மீன் குழம்பில் கை வைத்ததிலிருந்து இரண்டு பேருக்கும் வாக்குவாதம். கதை இல்லாவிட்டால் எவன் ஆடுவான், கதைதான் உயிர் என்கிறான் என் மகன். கதையை எவன் கேட்டான், விதி ஒழுங்காக இருக்கவேண்டும், கையில் எடுத்தால் ஆட்டம் ஆட்டமாக இருக்கவேண்டும், கதை வேண்டுமானால் புத்தகம் படித்துக்கொள்ளட்டும் என்கிறான் மற்றவன். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. கடைசியில் என் பக்கம் திரும்பி, "அம்மா, நீ சொல்லு, கதையா ஆட்டமா?" என்று கேட்டான். வேலை பார்த்த காலமெல்லாம் செங்கல்பட்டு கோர்ட்டில் டைப் அடித்தவள் நான். இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கம். ஆனால் இந்த வழக்கை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எழுபதுகளில், எங்கள் வாடகை வீட்டு முற்றத்தில், வெயில் தாழாத மத்தியானங்களில்.

அவள் பேர் எனக்குத் தெரியாது. ரேஷன் கார்டில் ஏதாவது ஒரு பேர் இருந்திருக்கும். கடப்பாக்கத்திலிருந்து வந்தவள் என்பதால் எல்லோருக்கும் கடப்பாக்கத்தக்கா. முற்றத்தைச் சுற்றி நான்கு குடித்தனம் இருந்த அந்த வீட்டில் கடைசிப் போர்ஷன் அவளுடையது. புருஷன் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் ரோட்டில். அவள் விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போய், கடற்கரையிலிருந்து பஸ் மேலே ஏறி வரும் மீன் கூடைகளை இறக்கி விற்றுவிட்டு, மத்தியானத்துக்குள் வந்து தலைக்குக் குளித்துவிடுவாள். சாதாரணமாகப் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். கேட்டால், "கடல்கிட்ட மெதுவா பேசினா எவன் காதுல வுழும்?" என்பாள். செங்கல்பட்டில் எங்கே கடல் என்று கேட்டால் மீன் விலையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

அவளுக்கு எதைத் தொட்டாலும் அதற்கு ஒரு கதை இருக்கவேண்டும். மீனைக்கூட அப்படித்தான் விற்பாள். என் அம்மா சங்கரா மீன் ஒன்றை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தால், "பாத்து எட்த்துக்க அக்கா, அது நேத்து சாய்ங்காலம்தான் வூட்ல சண்டை போட்டுகினு வெளிய வந்துச்சு, வந்த எடத்துல வலைல மாட்டிகிச்சு" என்பாள். அம்மா சிரித்துக்கொண்டே வாங்கிவிடுவாள். வீட்டுக்கு வந்து ஆய்கிறபோது, "பாவம், யாரோட சண்டையோ" என்று அவளே சொல்வாள். இதைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வரும். மீன் என்றால் மீன். குழம்பில் போடுகிறதற்கு அதன் குடும்ப விவகாரம் எதற்கு?

முற்றத்தில் சாக்கட்டியால் தாயக்கட்டம் போட்டு ஆடுவோம். என் மகனுக்கும் அந்தப் பையனுக்கும் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பித்தளைக் கட்டை இரண்டு. உருட்டி ஒன்று விழுந்தால் அதற்குப் பேர் தாயம். தாயம் விழுகிறவரைக்கும் உன் காய் கட்டத்துக்குள்ளேயே வரமுடியாது, வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். உள்ளே வந்தபிறகு சுற்றி நடக்கவேண்டும். வழியில் எதிராளி வந்து வெட்டினால் மறுபடியும் வெளியே. பெருக்கல் குறி போட்ட கட்டங்களுக்கு மலை என்று பேர். அங்கே இருக்கிற காயை யாரும் வெட்டமுடியாது. நடுக்கட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அது பழம். அவ்வளவுதான் ஆட்டம். விழுந்ததை ஆடியே தீரவேண்டும் என்பது சட்டம்.

எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கும். இருபது வயது, கோர்ட்டில் புது வேலை, வாயும் கொஞ்சம் நீளம். ஆட உட்கார்ந்தால் ஜெயிக்கவேண்டும். அவளோ ஆட உட்கார்ந்ததும் முதலில் காய்களுக்குப் பிழைப்பு தேடிக்கொடுப்பாள். அவளுடைய காய்கள் உடைந்த வளையல் துண்டுகள். "இந்த பச்சை கீதே, இவ கோட்டைகிட்ட வூடு. இவளுக்கு பாண்டிச்சேரி போயி சினிமா பாக்கணும், ஆத்தாக்காரி வுடல. அந்த செவப்பு அவ அத்தை பொண்ணு, கூட்டு." பிறகு பச்சை எங்கே நடந்தாலும் அவள் பாண்டிச்சேரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

மலை என்றும் சொல்லமாட்டாள். அவள் ஊரில் கடற்கரையோரம் அந்தக் காலத்துக் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. அதனால் அவளுக்கு அந்தக் கட்டங்கள் எல்லாம் கோட்டை. "உங்க ஊர்க் கோட்டை இடிஞ்சதுதானக்கா, அது எப்படிக் காப்பாத்தும்?" என்று ஒருநாள் மடக்கினேன். "இடிஞ்சா இன்னா? செவுத்த ஒட்டி நின்னா காத்து அடிக்காது இல்ல" என்றாள்.

வீட்டுக்காரம்மா எங்களோடு சில நாள் ஆட வருவாள். ஒருநாள் அவளுடைய புளியங்கொட்டைக் காய் கடப்பாக்கத்தக்காவுக்கு நேரே வெட்டு வாக்கில் நின்றது. கட்டையும் சரியாக விழுந்தது. இவள் வெட்டாமல் வேறு காயை நகர்த்தினாள். ஏன் என்று கேட்டால், "அது மாசமா கீது. வாயும் வயிறுமா இருக்கறவள எப்டி வெட்டுவேன்?" என்றாள். வீட்டுக்காரம்மாவுக்குப் பரம சந்தோஷம். எனக்குத்தான் வயிற்றெரிச்சல். புளியங்கொட்டை எப்படி மாசமாகும்?

அதே வீட்டுக்காரம்மா இன்னொரு நாள் கட்டையை வீசிவிட்டு எழுந்து போனாள். மருமகளுக்குத் தெரியாமல் டப்பாவில் முறுக்கை ஒளித்து வைத்துத் தின்கிற ஒரு மாமியாரைப் பற்றி அன்றைக்குக் கதை போய்க்கொண்டிருந்தது. "என் வூட்டு சங்கதிய ஊருக்குச் சொல்றியா?" என்று கத்தினாள். கடப்பாக்கத்தக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காய்க்கு உன் பேரா வெச்சேன்?" என்றாள். உண்மையில் முறுக்கு விஷயம் அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். இவள் பாட்டுக்கு ஏதோ சொல்கிறாள், அது எங்கேயோ போய்த் தைக்கிறது.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் சொல்லிவிட்டேன். "அக்கா, இன்னிக்கு கதையெல்லாம் கெடையாது. சும்மா ஆடு. உனக்கு ஆடத் தெரியாதுன்றதாலதான் கதை விட்டுகினு கீற."

அவள் கட்டையை எடுத்தாள். கையில் தேய்த்து உருட்டினாள். பேச்சே இல்லை. நான் இரண்டு காயை உள்ளே கொண்டுவருவதற்குள் அவள் என்னை ஓட ஓட விரட்டி வெட்டிவிட்டு, எல்லாக் காயையும் பழம் ஆக்கிவிட்டாள். உலையில் போட்ட அரிசி வேகவில்லை, அதற்குள் ஆட்டம் முடிந்தது. வளையல் துண்டுகளை அள்ளிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டே, "நல்லா இருந்துச்சா?" என்றாள்.

நல்லாத்தான் இல்லை. அதை அவளிடம் ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

இனிமேல்தான் வசந்தா விஷயம். வசந்தா என் அக்கா, என்னைவிட மூன்று வயது மூத்தவள். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் வேலை, பெரும்பாலும் இரவு டூட்டி. நல்ல மாதிரி, அதிகம் பேசமாட்டார். கல்யாணம் தை மாசம். முதல் ஆடி வந்ததும் வழக்கப்படி சீர் செய்து, பெண்ணை எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தோம். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் புருஷன் வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

வந்த வசந்தா போன வசந்தா இல்லை. கூப்பிட்டால் திரும்புவாள், கேட்டால் தலையாட்டுவாள். வாசல் பக்கம் யாராவது செருப்பைக் கழற்றினால் கையிலிருப்பது நழுவி விழும். ராத்திரி படுக்கும்முன் கதவைத் தாழ்ப்பாள் போட்டாயா என்று அம்மாவைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். "இன்னாடி ஆச்சு?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணும் இல்ல." நான் கேட்டாலும், "ஒண்ணும் இல்லடி." மசக்கையாக இருக்கும் என்று அம்மா சந்தோஷப்பட்டுக்கொண்டாள். அதுவும் இல்லை என்று தெரிந்ததும், புதுப்பெண், புருஷனைப் பிரிந்த ஏக்கம் என்று வேறொன்றைக் கண்டுபிடித்தாள். என் அப்பா கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். எத்தனையோ பேரின் சாட்சியத்தைக் காதால் கேட்டவர். சொந்த மகளிடம் ஒரு கேள்வி கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்.

ஆடிக்காற்று ஒரு பக்கம் அம்மியைப் பறக்கவைக்கிறேன் என்று வீசுகிறது. நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆவணி வந்தால் அவளை அனுப்பியாக வேண்டும். காரணம் சொல்லாமல் நிறுத்திவைத்தால் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்கள். என்னவென்றே தெரியாமல் அனுப்பவும் மனசில்லை.

கடப்பாக்கத்தக்கா அவளை ஒன்றும் கேட்கவில்லை. "குந்து வசந்தா, கை கொறையுது" என்று ஆட்டத்தில் உட்காரவைத்தாள். வசந்தாவுக்குக் காய் புளியங்கொட்டை. உட்கார்ந்தாள், உருட்டினாள், நகர்த்தினாள். கடப்பாக்கத்தக்கா தன் வளையல் துண்டுகளுக்கும் என் கூழாங்கற்களுக்கும் அவள் பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டிருப்பாள். என் காய்களுக்கும் அவளே கதை வைப்பாள், நான் வேண்டாம் என்றாலும். வசந்தாவின் காய்களுக்கு மட்டும் ஒருநாளும் வைத்ததில்லை. "அவளுது அவதான் சொல்லணும்" என்று விட்டுவிட்டாள். வசந்தா சொல்லவில்லை. அப்படியே பல மத்தியானம் போயிற்று.

ஆடியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அப்பா உள்ளே பேப்பரோடு. அம்மா சமையல்கட்டில் வடகத்துக்குக் கூழ் கிளறிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் நாங்கள் மூன்று பேர். வசந்தாவுக்கு அன்றைக்குத் தாயமே சரியாக விழவில்லை. ஒரே ஒரு புளியங்கொட்டைதான் கட்டத்துக்குள் வந்திருந்தது. அதைக் கொண்டுபோய் ஒரு கோட்டையில் வைத்தாள். அடுத்த முறை கட்டையை உருட்டினாள், நாலு விழுந்தது. வேறு காய் இல்லை, இதைத்தான் நகர்த்தவேண்டும்.

"நான் நவுத்தல" என்றாள்.

வேறு நாளாக இருந்தால் நான் முற்றத்தை இரண்டாக்கியிருப்பேன். நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தேன். விரலால் அந்தக் கொட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள். எனக்கே ஆச்சரியமாக, "சரி வுடுக்கா. இந்த ஒரு தரம் அங்கியே இருக்கட்டும்" என்று என் வாயிலிருந்து வந்தது.

"அதெல்லாம் முடியாது. வுழுந்தா நவுத்தணும்" என்றாள் கடப்பாக்கத்தக்கா.

மாசமான புளியங்கொட்டையை வெட்டமாட்டேன் என்றவள். பாண்டிச்சேரிக்குப் போகிறவளுக்கு ஒரு கட்டம் கூடக்குறைய எண்ணி விடுகிறவள். சட்டம் என்று அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. "உனக்கு எப்பக்கா சட்டமெல்லாம் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையைக் கட்டத்தின் மேல் ஊன்றிக்கொண்டு வசந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நவுத்தினா இவள வெட்டிடுவாங்க" என்றாள் வசந்தா.

"யாரு? நானா? உன் தங்கச்சியா?"

வசந்தா இல்லை என்று தலையாட்டினாள்.

"அப்ப யாரு? சொல்லு. இந்தக் காய் யாரு, இன்னா வூடு, யாரு கீறாங்கோ அங்க?" கடப்பாக்கத்தக்காவின் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

வசந்தா புளியங்கொட்டையின் மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னாள். "இவ வூட்டுக்காரரு ராத்திரி டூட்டிக்குப் போயிடுவாரு. அவரோட அண்ணன் வூட்ல இருப்பாரு. இவ கெணத்தாண்ட குளிச்சா அங்க வந்து நிப்பாரு. பல்லு வெளக்கிகினு நிக்கறாப்பல நிப்பாரு. இவ படுக்கற ரூம்புக்கு தாழ்ப்பா இல்ல. ஒருநாள் கதவு தெறந்துச்சு. இவ சத்தம் போட்டா. அவரு தண்ணி குடிக்க வந்தேன்னாரு. அப்பறம் தெனமும் பெட்டிய இஸ்து கதவுக்கு முட்டு குடுத்துட்டு, மேல குந்திகினு இருப்பா."

"வூட்ல பெரியவங்க இல்லியா?"

"மாமியார்கிட்ட சொன்னா. உன் கண்ணுலதான் கோளாறுன்னாங்க. புருஷன்கிட்ட சொன்னா அண்ணன் தம்பிக்குள்ள வெட்டு குத்து ஆயிடும், வாய மூடிகினு இருன்னாங்க."

கடைசிவரைக்கும் அவள் 'நான்' என்று சொல்லவில்லை. எல்லாம் 'இவ'தான், அந்தப் புளியங்கொட்டைதான். உள்ளே பேப்பர் சத்தம் நின்றிருந்தது. அம்மா கரண்டியைப் பிடித்தபடி சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். அந்த ஆளை ஆடிச் சீருக்கு வந்தபோது உட்காரவைத்து என் கையால் பரிமாறினேனே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடப்பாக்கத்தக்கா ஐயோ என்றோ, அடிப்பாவி என்றோ சொல்லவில்லை. அவளைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. "சரி. நாலு வுழுந்துகீது, நவுத்தணும். எங்க போவட்டும் இவ? நீயே சொல்லு" என்றாள்.

வசந்தா கட்டங்களைப் பார்த்தாள். "புருஷனோட தனியா ஒரு வூடு. சின்னதா இருந்தாலும் போதும்" என்றாள்.

"அப்படி ஒரு கட்டம் இல்லியே" என்றேன் நான். புத்தி எங்கே போகும்.

"இல்லேன்னா போட்டா போச்சு" என்று சாக்கட்டியை எடுத்து, தாயக்கட்டத்துக்கு வெளியே, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு சதுரம் போட்டாள். அதற்குள் கோட்டைக்குப் போடுகிற மாதிரி பெருக்கல் குறி. வசந்தா அந்தக் கொட்டையை எடுத்துக் கொண்டுபோய் அதில் வைத்தாள். வைத்துவிட்டு அப்போதுதான் அழுதாள். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அப்பா வாசற்படிக்கு வந்து நின்றார். அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மகளிடம் பேசாமல் கடப்பாக்கத்தக்காவிடம் கேட்டார். "ஏம்மா, அந்த மாதிரி கட்டம் மாமல்லபுரம் பக்கம் வாடகைக்குக் கெடைக்குமா?"

"ஏன் கெடைக்காது அண்ணாத்த? தேடறவரு தேடினா கெடைக்கும்" என்றாள்.

தேடவேண்டியவருக்கு விஷயம் தெரியவேண்டுமே. யார் சொல்வது? அப்பா ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்று தனியாக நின்று சொல்லிப் பார்ப்பார், அதற்குமேல் வராது. ஆவணி பிறந்து, மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பூ, பழத்தோடு வந்துவிட்டார்கள். சம்பந்தியம்மா உள்ளே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "ராகுகாலத்துக்கு முன்ன கெளம்பிடணும்" என்றார். வசந்தா புதுப்புடவை கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். அப்பா கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு ஆட்டம் ஆடலாம் வா. ஒரு கை கொறையுது" என்று முற்றத்திலிருந்து சத்தம் வந்தது.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். நானும் போனேன். அழிந்திருந்த சதுரத்தை அன்று காலையே அவள் மறுபடி போட்டுவைத்திருந்தாள். கோட்டையில் ஒரு புளியங்கொட்டையை வைத்தாள். "இவளுக்கு ஒரு கதை கீது தம்பி, கேட்டுகினே ஆடு" என்று ஆரம்பித்தாள். ராத்திரி டூட்டி என்றபோது மாப்பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கிணற்றடி வந்தது. பல் விளக்குகிற மாதிரி நிற்கிற ஆள் வந்தான். தாழ்ப்பாள் இல்லாத ரூம் வந்தது. கதவுக்குப் பெட்டியை முட்டுக்கொடுத்துவிட்டு அதன் மேலேயே விடியவிடிய உட்கார்ந்திருப்பாள் என்றபோது அவர் கையிலிருந்த கட்டை உருளவே இல்லை. பெட்டியை அவர் பார்த்திருக்கவேண்டும். காலையில் டூட்டி முடிந்து வருகிறபோது கதவைத் தட்டினால் உள்ளே எதையோ இழுக்கிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கவேண்டும்.

தலைகுனிந்தபடி கேட்டார். "இந்தக் காயோட புருஷன் எந்தக் காய்?"

கடப்பாக்கத்தக்கா கட்டத்துக்கு வெளியே கிடந்த ஒரு கொட்டையைக் காட்டினாள். "அது இன்னும் தாயம் போடல தம்பி. வெளியவே குந்திகினு கீது."

இதற்கு அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் எல்லாம் முடிந்தது. அவர் எழுந்தார். உள்ளே போகவில்லை. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சதுரத்தைக் காட்டி, "இது?" என்றார்.

"இவ போவணும்னு சொன்ன எடம்" என்றாள்.

உள்ளே போய், "அம்மா, நீ இந்த பஸ்ஸுக்குக் கெளம்பு. நான் வரல" என்றார். சம்பந்தியம்மா தம்ளரைக் கீழே வைத்தார். "இன்னாடா இது? ஆடி முடிஞ்சா கூட்டிகினு போறதுதான வழக்கம்?" "கூட்டிகினுதான் போவேன். அந்த வூட்டுக்கு இல்ல" என்றார். பிறகு வசந்தாவைப் பார்த்தார். அவள் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள், அவ்வளவுதான். அப்பா வேகமாகக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டார். அம்மா எல்லோருக்கும் மறுபடியும் காபி போடுகிறேன் என்று போய் அடுப்பையே பற்றவைக்காமல் நின்றிருந்தாள்.

அந்த வாரமே மாமல்லபுரத்தில் சிலை செய்கிற பட்டறை ஒன்றுக்குப் பின்னால் ஒரு அறையும் சமையல்கட்டும் கிடைத்தது. மாப்பிள்ளை கெஞ்சிக் கூத்தாடிப் பகல் டூட்டி வாங்கிக்கொண்டார். அண்ணனிடம் என்ன பேசினார், பேச்சோடு நின்றதா என்று எங்களுக்குச் சொல்லவில்லை. அதன் பிறகு அந்த ஆள் எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் தலைகாட்டியதில்லை.

பின்னொரு நாள் கடப்பாக்கத்தக்காவிடம் கேட்டேன். "ஆயுசுக்கும் சட்டம் பாக்காதவ, அன்னிக்கு மட்டும் ஏன்க்கா அவ்ளோ பிடிவாதம் புடிச்ச?"

மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலே சொன்னாள். "எங்க ஊர்ல ஒருத்தி இப்டித்தான் ஆடி முழுக்க வாய தொறக்காம குந்திகினு இருந்தா. நாங்க எல்லாரும் பாவம் பாவம்னு அவள வுட்டுட்டோம். ஒருத்தரும் நெருக்கல. ஆவணில அனுப்பிட்டோம். அடுத்த ஆடிக்கு அவ இல்ல." அடுத்த மீனை எடுத்து உப்புத் தடவினாள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் மகன் வெற்றி பெற்ற மாதிரி மேசையைத் தட்டினான். "பாத்தியாடா? கதைதான்." மற்றவன் விடுவானா? "நவுத்தித்தான் ஆவணும்ன்ற சட்டம் இல்லேன்னா அந்தக் கதை வெளிய வந்திருக்குமா?" என்றான். "சோத்தத் தின்னுங்கடா" என்று இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். அவர்களுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இங்கே சொல்கிறேன்.

அந்த வருஷமே கார்த்திகையில் வசந்தா வீட்டுக்குப் போனோம். அம்மா, நான், கூடவே மீன் கூடையோடு கடப்பாக்கத்தக்கா. பட்டறையில் உளிச் சத்தம் ஓயவில்லை. "கேக்குதா? நாள் பூரா இதே ரோதனை. மத்தியானம் கண்ண மூட முடியல" என்று வசந்தா சந்தோஷமாகக் குறைப்பட்டுக்கொண்டாள். வீட்டைச் சுற்றிக் காட்ட என்ன இருக்கிறது, ஒரே அறை. அவள் முதலில் காட்டியது கதவின் உள்தாழ்ப்பாளை. போட்டுக் காட்டினாள், எடுத்துக் காட்டினாள். கடப்பாக்கத்தக்காவும் ஒருமுறை போட்டு எடுத்து, "கெட்டி" என்றாள்.

சாப்பிட்ட பிறகு தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு ஆட உட்கார்ந்தோம். வசந்தாவுக்கு அன்றைக்குத் தாயமாக விழுந்தது. நிறையக் காய் உள்ளே வந்துவிட்டது. ஒன்று கோட்டையில் இருந்தது. அவளுக்கு நாலு விழுந்தபோது நகர்த்த வேறு காய்கள் இருந்தன. அவள் கோட்டையில் இருந்ததைத்தான் எடுத்தாள். எண்ணிக்கொண்டே வெளியே கொண்டுபோய்த் திறந்த கட்டத்தில் வைத்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தாள்.

கடப்பாக்கத்தக்கா கட்டையை உருட்டினாள். வேண்டியது விழுந்தது. பச்சை வளையல் துண்டைத் தூக்கி நேராகக் கொண்டுபோய் அந்தப் புளியங்கொட்டையை வெட்டி, வெளியே எறிந்தாள்.

பாவி, இவளை ஏன் வெட்டினாள் என்று நான் பதறினேன். வசந்தாவோ சிரித்தாள். சத்தம் போட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பட்டறையில் உளி நிற்கிற அளவுக்குச் சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட சிரிப்பு.

"கதையே சொல்லாம வெட்டிட்டியேக்கா" என்றேன் நான்.

கடப்பாக்கத்தக்கா பதில் சொல்லுமுன் வசந்தா முந்திக்கொண்டாள். "இன்னாடி கதை வேண்டிக்கீது? புளியங்கொட்டைதான? தாயம் வுழுந்தா திரும்ப உள்ள வருது" என்று சொல்லிவிட்டு, கட்டைக்காகக் கையை நீட்டினாள்.